போன் இல்லாம வாய் திறக்காத பையனும், "நல்லா சாப்புடுற" அக்காவும்: ஒரு அம்மாவோட கடிதத்துக்கு குழந்தை மருத்துவரோட பதில்

மண்டபம் பக்கத்துல ஒரு கடற்கரை கிராமத்துலேந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க. ஊர் பேர், ஆள் பேர் எதுவும் வேணாம்னு கேட்டுக்கிட்டதால அதெல்லாம் எடுத்துட்டு, விஷயத்த மட்டும் சுருக்கி முதல்ல சொல்லிடுறேன்.

வீட்டுக்காரர் விசைப்படகுல தொழிலுக்குப் போறவர். இவங்க நண்டு கம்பெனில சதை எடுக்குற வேலை, காலைல 7 மணிக்குக் கிளம்புனா வீடு திரும்ப சாயங்காலம் 5 தாண்டிடும். ரெண்டு பிள்ளைங்க. பெரியவளுக்கு 12 வயசு, ஏழாவது படிக்கிறா. சின்னவனுக்கு 7 வயசு, ஊராட்சி ஒன்றியப் பள்ளில ரெண்டாவது. வீட்டுல பிள்ளைங்கள பாத்துக்குறது அப்பத்தா. பையன் கைல போன குடுத்தாத்தான் வாயத் திறப்பான், ஒரு வேளை சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகுது, போன வாங்குனா தட்டத் தள்ளிவிட்டு அழுவான். மீனக் கண்டாலே ஓடுறான், பருப்பு சோறும் தயிர் சோறும்தான், மீதி வயிறு கடைல விக்கிற அஞ்சு ரூபா பாக்கெட்டும் ஜூஸும். பள்ளிக்கூடத்துல எடுத்த எடை இருபதரை கிலோ, உயரம் 120 சென்டிமீட்டர். பக்கத்து வீட்டுப் பையன் அதே வகுப்பு, 28 கிலோவாம். "ஓடி ஆடித்தான் உடம்பு கரையுது"ன்னு அப்பா சாயங்காலம் விளையாட விடுறதில்ல. மாசம் ரெண்டு டப்பா ஹெல்த் டிரிங்க் பவுடர் வாங்குறாங்க, மெடிக்கல்ல கேட்டு பசி எடுக்குற சிரப்பும் ஒரு பாட்டில் முடிச்சாச்சு, பலனில்ல. "பள்ளிக்கூடத்துல மட்டும் ஒழுங்கா சாப்புடுறானாம், டீச்சர் சொன்னாங்க, வீட்டுக்கு வந்தா எங்களத்தான் படுத்துறான்"னு எழுதியிருக்காங்க. கேள்வி மூணு: வேற நல்ல பசி மருந்து இருக்கா, போன எப்படி நிறுத்துறது, மாமியார எப்படி சமாளிக்கிறது.

கடிதத்தோட கடைசில ரெண்டே வரி மகளப் பத்தி: "பெரியவ பரவால்ல டாக்டர், வச்சதெல்லாம் சாப்புடுவா, 52 கிலோ இருக்கா, 148 உயரம். பெரிய மனுஷி ஆனதுலேந்து வெளிய விடுறதில்ல, வீட்டோடதான். கழுத்துல மட்டும் அழுக்கு கறுப்பா படிஞ்சு கெடக்கு, எவ்ளோ தேச்சாலும் போகல, அதுக்கும் ஒரு கிரீம் சொல்லுங்க."

தங்கச்சி, அந்தக் கடைசி ரெண்டு வரிக்கு நான் திரும்ப வர்றேன், அத மறக்கமாட்டேன். முதல்ல உங்க மனசு முழுக்க இருக்குற பையனப் பத்திப் பேசிருவோம்.

பையன் எடை: நீங்க பயப்படுற அளவுக்கு இல்ல

7 வயசு, 120 சென்டிமீட்டர் உயரம், இருபதரை கிலோ. இத வளர்ச்சி அட்டைல வச்சுப் பாத்தா உயரம் வயசுக்கு ஏத்த மாதிரி நல்லாவே இருக்கு, எடை நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் கீழ, ஆனா ஆரோக்கியமான வரம்புக்குள்ளதான். ஒல்லி உடம்பு, அவ்வளவுதான், சத்துக் குறைவு இல்ல. பக்கத்து வீட்டுப் பையனும் இதே உயரம்னா 28 கிலோங்கறது அந்தப் பிள்ளைக்குத்தான் ரொம்ப அதிகம், அத அளவுகோலா வச்சு உங்க பிள்ளைய நிறுக்காதீங்க. இந்த வயசுல ஒரு பிள்ளை வருசத்துக்கு சுமாரா ரெண்டுலேந்து மூணு கிலோ ஏறும், அஞ்சாறு சென்டிமீட்டர் வளரும். போன வருசம் பள்ளில எடுத்த எடையும் அங்க பதிவுல இருக்கும், டீச்சர்ட்ட கேட்டு ஒப்பிட்டுப் பாருங்க. ஏறிட்டே வருதுன்னா பசி மருந்துங்கற பேச்சையே விட்டுடலாம்.

சிரப் பத்தி இன்னொன்னும் சொல்லணும். பசிக்குன்னு கடைல குடுக்குற சில சிரப்புல இருக்குறது அலர்ஜி மருந்து வகை, அது தூக்கத்த வரவைக்கும், பிள்ளை வகுப்புல சோர்ந்து உக்காரும், நிறுத்துனதும் பசி பழைய இடத்துக்கே போயிடும். டாக்டர் சீட்டு இல்லாம இனிமே வாங்காதீங்க. பவுடர் டப்பாவும் அப்படித்தான், 'ஹெல்த் டிரிங்க்'னு நம்ம உணவுச் சட்டத்துல ஒரு வகையே கிடையாது, 2024 ஏப்ரல்ல மத்திய அரசே ஆன்லைன் கடைங்ககிட்ட இந்த மாதிரி பானங்கள ஹெல்த் டிரிங்க்னு வகைப்படுத்தி விக்கக்கூடாதுன்னு சொல்லிருச்சு. டப்பாவத் திருப்பிப் பாருங்க, சர்க்கரை எவ்வளவுன்னு போட்டிருப்பான். அதப் பால்ல கலக்கி, மேல ரெண்டு ஸ்பூன் சர்க்கரையும் போட்டு, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி குடுத்தா அந்தச் சின்ன வயித்துல அப்புறம் சோத்துக்கு எங்க இடம்? அந்த ரெண்டு டப்பா காசுக்கு முட்டையும் நெத்திலியும் கடலையும் வாங்குனா வீட்டுல நாலு பேரும் சாப்புடலாம்.

பள்ளிக்கூடத்துல சாப்புடுறான்ல, அதுதான் பதில்

நீங்க குறையா எழுதுன அந்த ஒரு வரிதான் எனக்கு நிம்மதியா இருந்துச்சு. பள்ளிக்கூடத்துல போன் இல்ல, பக்கத்துல கூட்டாளிங்க இருக்காங்க, சாப்பாட்டுக்குன்னு நேரம் இருக்கு, அதுக்கு முன்னாடி ரெண்டு மூணு மணி நேரம் நொறுக்குத் தீனி இல்ல, யாரும் வாய்ல திணிக்கல, அவனே எடுத்து சாப்புடுறான். அப்போ அவனுக்குப் பசி இருக்கு, சாப்புடவும் தெரியுது. வீட்டுல இந்த அஞ்சும் தலைகீழா இருக்கு, அதுதான் வித்தியாசமே தவிர பிள்ளை உங்களப் படுத்தணும்னு நினைக்கல.

போன் என்ன பண்ணுதுன்னு கொஞ்சம் விளக்கமா சொல்றேன், ஏன்னா "போன் கெட்டது"ன்னு சும்மா சொல்லிட்டுப் போனா எந்த அம்மாவுக்கும் உதவாது. வயிறு நெறையுற சேதி மூளைக்குப் போய்ச் சேர கால் மணி நேரம் இருபது நிமிசம் ஆகும், அந்தச் சேதிய கவனிக்கத்தான் பிள்ளை சின்ன வயசுலேந்து பழகுது, பசிக்குது கேக்குறான், போதும் எந்திரிக்கிறான். கண்ணும் காதும் வீடியோல மாட்டிக்கிட்டா பசியும் தெரியாது நெறஞ்சதும் தெரியாது, அப்பத்தா உருண்டை உருட்டி வாய்கிட்ட கொண்டுவந்தா வாய் தானா திறக்கும், சில நேரம் வாய்ல வச்சுக்கிட்டு மெல்லவும் மறந்துடுவான். ஒன்றரை மணி நேரம் ஆகுறது அதனாலதான். அதுல ரெண்டு தட்டு உள்ள போனாலும் அது அவன் சாப்புட்டது இல்ல, அவனுக்கு ஊட்டி முடிச்சது. ஒல்லிப் பிள்ளை இப்படி சாப்பாட்டையே வெறுத்துப் போகும், சாப்பாட்டுல ஆசையுள்ள பிள்ளை இதே போன் முன்னாடி அளவு தெரியாம சாப்பிட்டு எடை ஏறும். ரெண்டு விதமும் நான் தினம் பாக்குறேன், உங்க வீட்டுலயே ரெண்டும் இருக்கு.

கணக்குப் பாருங்க, லீவு நாள்ல மூணு வேளையும் போன்லயே ஊட்டுனா சாப்பாட்டுக்கு மட்டும் நாலரை மணி நேரம் ஆச்சு. 5லேந்து 10 வயசு வரைக்கும் பிள்ளைங்களுக்கு மொத்தத் திரை நேரமே ஒரு நாளைக்கு 2 மணி நேரத்துக்கும் கம்மியா இருக்கணும்ங்கறது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தோட வழிகாட்டல். அதோட அந்த வீடியோக்குள்ள வர்ற விளம்பரம் என்னன்னு ஒரு நாள் உக்காந்து பாருங்க, சிப்ஸும் சாக்லேட்டும் கலர் பானமும்தான், அப்புறம் சாயங்காலம் கடைக்கு முன்னாடி நின்னு அதே பாக்கெட்டக் காட்டி அழறான்னா அது அவனுக்குள்ள தானா பொறந்த ஆசை இல்ல.

மீன் ஏன் பிடிக்கல தெரியுமா

"கடக்கரையில பொறந்துட்டு மீன் தொடமாட்டேங்கறான்"னு வருத்தப்பட்டிருந்தீங்க. நான் இத வேற மாதிரி பாக்குறேன். போனப் பாத்துட்டே சாப்புடுற பிள்ளைக்கு மீன் குடுக்க முடியாது. முள் இருக்கு. மீன் சாப்புடணும்னா தட்டப் பாக்கணும், விரலால பிரிக்கணும், நாக்கால தேடணும், முள்ளு வந்தா துப்பணும். உங்க மாமியாருக்கு இது தெரியும், அதனாலதான் பயந்துக்கிட்டு பருப்பையும் தயிரையும் மசிச்சு ஊட்டுறாங்க, அது அவங்க தப்பு இல்ல, சரியான பயம்தான். ஆனா வருசக்கணக்கா மசிச்சது மட்டுமே போன வாய்க்கு மீனோட வாசமும் நாரும் புதுசா இருக்கு, புதுசுன்னா பிள்ளைங்க முகத்தத் திருப்பத்தான் செய்யும். அப்போ மீன் பிடிக்காததும் போன் பழக்கமும் வேற வேற பிரச்சினை இல்ல, ஒண்ணு போனா இன்னொண்ணுக்கு வழி திறக்கும்.

இன்னொரு காரணம் காரம். நம்ம பக்கம் முண்டு மிளகாய் அரைச்ச குழம்பு பெரியவங்களுக்கே மூக்குல தண்ணி வரவைக்கும், ஏழு வயசுக்கு அது தண்டனை. மசாலா போடுறதுக்கு முன்னாடி ரெண்டு துண்டத் தனியா எடுத்து மஞ்சள், உப்பு, கொஞ்சம் மிளகுத்தூள் மட்டும் போட்டு வறுத்து வைங்க. முள் பயத்துக்கு கணவாய் நல்லது, முள்ளே கிடையாது, சின்ன வளையமா வெட்டி மெத்துனு வேகவச்சுக் குடுங்க. நண்டு சதை உங்க கைக்குப் பழகுன விஷயம், வீட்டுக்கு வாங்குற நண்டுல கொஞ்சம் எடுத்து முட்டையோட கிளறிப் பாருங்க. நெத்திலிய மொறுமொறுன்னு பொரிச்சு, நடு முள்ளை எடுத்துட்டு ஒண்ணே ஒண்ணு தட்டு ஓரத்துல வைங்க, சாப்புடுன்னு சொல்லவே வேணாம். ஒரு புது சாப்பாட்ட பிள்ளை ஏத்துக்க பத்துப் பதினஞ்சு தடவை கூட கண்ணுல படணும், நாம ரெண்டு தடவைல "இவனுக்குப் பிடிக்காது"ன்னு முடிவு கட்டிடுறோம். சாளை, நெத்திலி, காரல் மாதிரி சின்ன மீனுதான் பிள்ளைங்களுக்கு ஏத்தது, விலையும் கம்மி. சுறாப்புட்டு சத்துன்னு அடிக்கடி குடுக்குற வழக்கம் நம்மகிட்ட இருக்கு, ஆனா சுறா மாதிரி பெரிய மீன்ல பாதரசம் கூடுதலா சேரும், பிள்ளைங்களுக்கு அது வேணாம்.

ஓடியாடுனா கரையமாட்டான்

அண்ணன்கிட்ட (உங்க வீட்டுக்காரர்கிட்ட) இத அப்படியே படிச்சுக் காட்டுங்க. அவரோட கவலை நியாயமானது, ராப்பகலா கடல்ல கஷ்டப்பட்டு வர்ற மனுஷன் பிள்ளை ஒல்லியா இருக்கறதப் பாத்து பதறத்தான் செய்வாரு. ஆனா விளையாட்டுல பிள்ளை கரையறது இல்ல. ஓடுனாத்தான் தசையும் எலும்பும் வலுக்கும், சாப்புட்டது உடம்புல சதையா சேரும், அசையாம உக்காந்தா கொழுப்பா சேரும். 5 வயசுலேந்து 17 வயசு வரைக்கும் ஒவ்வொரு பிள்ளையும் நாளுக்கு சராசரியா 60 நிமிசமாவது மூச்சு வாங்க விளையாடணும்னு உலக சுகாதார நிறுவனம் 2020ல சொல்லியிருக்கு, வாரத்துல மூணு நாளாவது எலும்பு தசைக்கு வேலை குடுக்குற குதிக்கிற, ஏறுற விளையாட்டா இருக்கணும். கிளித்தட்டு, நொண்டி, கபடி எல்லாம் இதுல அடங்கிரும், காசு குடுத்து எந்த வகுப்புலயும் சேக்க வேணாம், மணல்ல ஓடுனாலே போதும்.

விளையாடி முடிச்ச உடனே மலை மாதிரி பசி வரும்னு எதிர்பாக்காதீங்க. நல்லா ஓடி வந்த பிள்ளைக்கு கொஞ்ச நேரம் சாப்பாடே வேண்டாம்னு இருக்கும், தண்ணிதான் கேக்கும். அப்போ தட்டோட தொரத்துனா மறுபடி சண்டை வரும். தண்ணி குடுங்க, குளிக்க வைங்க, அரை மணி நேரம் கழிச்சு தட்டு வைங்க. நம்ம வெயிலுக்கு நாலரைக்கு மேலதான் இறக்கிவிடணும். கடலுக்குள்ள இறங்குறதுன்னா பெரியவங்க கூட நிக்கணும், கரையிலயே பொறந்த பிள்ளைன்னு அலட்சியம் வேணாம்.

இதுக்கெல்லாம் மேல தூக்கம். நீங்க ராத்திரி எத்தன மணிக்குத் தூங்குறான்னு எழுதல, ஆனா "காலைல எழுப்பவே முடியல, பள்ளிக்கு லேட்டாத்தான் போறான்"னு ஒரு வரி இருக்கு. இந்த வயசுக்கு 9லேந்து 11 மணி நேரத் தூக்கம் வேணும். தூக்கம் கொறஞ்சா பசியக் கூட்டுற, கொறைக்கிற ஹார்மோன் ரெண்டும் தாறுமாறாகும், மறுநாள் இனிப்பும் உப்பும்தான் கேக்கத் தோணும். லேட்டாப் போறதுல இன்னொரு நஷ்டமும் இருக்கு. ஒண்ணுலேந்து அஞ்சாவது வரைக்கும் அரசுப் பள்ளி பிள்ளைங்களுக்கு முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022ல ஆரம்பிச்சு 2023ல எல்லா அரசு தொடக்கப்பள்ளிக்கும் வந்துருச்சு, உப்புமா, கிச்சடி, பொங்கல்னு சூடா போடுறாங்க, கூட்டத்தோட உக்காந்து போன் இல்லாம சாப்புட உங்க பையனுக்கு அத விட நல்ல இடம் கிடையாது. அவன் நேரத்துக்குப் போனா ஒரு நாளைக்கு ரெண்டு வேளை சாப்பாடு எந்தச் சண்டையும் இல்லாம முடிஞ்சிரும். நீங்க மல்லுக்கட்ட வேண்டியது ராத்திரிச் சாப்பாடு ஒண்ணுதான்.

போன எப்படி எடுக்குறது

ரெண்டு வழி இருக்கு. ஒரே நாள்ல மொத்தமா நிறுத்துறது ஒண்ணு, ஒவ்வொரு வேளையா கொறைக்கிறது இன்னொண்ணு. மொத்தமா நிறுத்துனா சீக்கிரம் முடியும், ஆனா வீட்டுல இருக்குற பெரியவங்க எல்லாரும் ஒரே பேச்சா நிக்கணும், மூணாவது நாள் அப்பத்தா மனசு எளகி குடுத்துட்டா அடுத்த தடவை அழுகை ரெண்டு மடங்காகும், ஏன்னா அழுதா கிடைக்கும்னு பிள்ளை கத்துக்கிட்டான். நீங்க பகல்ல வீட்டுல இல்லாதவங்க, அதனால உங்களுக்கு ரெண்டாவது வழிதான் சரின்னு நான் நினைக்கிறேன். ராத்திரிச் சாப்பாட்டுலேந்து ஆரம்பிங்க, அது உங்க கைல இருக்கு.

நாலு மணிக்கு வீட்டுக்கு வந்ததும் ஏதாவது ஒண்ணு உருப்படியா குடுக்கச் சொல்லுங்க, அவிச்ச முட்டை, சுண்டல், வாழைப்பழம், பனங்கிழங்கு காலத்துல கிழங்கு, வெயில் காலத்துல நுங்கு. அதுக்கப்புறம் ராத்திரி சாப்பாடு வரைக்கும் தண்ணி மட்டும்தான், டீயும் வேணாம், டீ இரும்புச்சத்த உடம்புல சேர விடாது. ஏழே காலுக்கு எல்லாரும் பாய்ல உக்காருங்க, டிவி அணைச்சிருக்கணும், எல்லார் போனும் வேற அறைல இருக்கணும், உங்க போனும் சேத்துத்தான். நீங்க சாப்புடுறதையே அவனுக்கும் கொஞ்சமா வைங்க, அதுல அவனுக்குத் தெரிஞ்ச ஒண்ணு கண்டிப்பா இருக்கணும். என்ன வைக்கணும், எப்போ, எங்க உக்காரணும்ங்கறது உங்க முடிவு. எவ்வளவு சாப்புடணும்ங்கறது அவன் முடிவு. இருபத்தஞ்சு முப்பது நிமிசத்துல தட்ட எடுத்துடுங்க, திட்டாம, கெஞ்சாம, "ரெண்டு வாய் வாங்குனா போன் தர்றேன்"னு பேரம் பேசாம. அப்படி பேரம் பேசுனா சோறு தண்டனை, போன் பரிசுன்னு மனசுல பதிஞ்சிரும்.

முதல் சில நாள் ரெண்டு வாயோட எந்திரிச்சுப் போவான். அழுவான். உங்க மனசு கெடந்து அடிச்சுக்கும், எனக்குத் தெரியும். நல்லா இருக்குற பிள்ளை ஒரு வேளை கொறைவா சாப்புட்டா ஒண்ணும் ஆகாது, மறுநாள் காலைல பள்ளிக்கூடத்துல ஈடுகட்டிடுவான். "பசியோட தூங்குறானே"ன்னு ஒம்பது மணிக்கு பிஸ்கட்டும் பாலும் குடுத்துடாதீங்க, எல்லாம் அங்கதான் குலையும். கடைப் பாக்கெட்ட ஒரேயடியா தடை போடவும் வேணாம், வாரத்துல ரெண்டு நாள்னு பேசி வச்சுக்கோங்க. பள்ளிக்கூடத்துக்குள்ளயும் சுத்தி 50 மீட்டருக்குள்ளயும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமா இருக்குற தீனி விக்கக்கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட 2020 விதிமுறையே இருக்கு. வாசல்லயே விக்கிறாங்கன்னா நாலு அம்மாமாரு சேந்து தலைமை ஆசிரியர்ட்டயும் பள்ளி மேலாண்மைக் குழுவுலயும் சொல்லுங்க, கேக்குற உரிமை உங்களுக்கு உண்டு.

மாமியார சமாளிக்க வேணாம், கூட சேத்துக்கோங்க

பகல் பூரா ரெண்டு பிள்ளை, வீட்டு வேலை, தண்ணி பிடிக்கிறது, இந்த வயசுல அவங்களுக்கு அந்தப் போன் ஒரு துணை. பிள்ளை வயிறு காஞ்சிருமோன்னு பயப்படுறவங்க, அவங்க காலத்துல பஞ்சம் பாத்திருப்பாங்க. "நீங்க போன் குடுத்துத்தான் கெட்டுப்போனான்"னு ஆரம்பிச்சா அன்னைக்கே எல்லாம் முடிஞ்சது. ராத்திரி ஊட்டுற வேலையிலேந்து அவங்கள விடுவிச்சு வேற வேலை குடுங்க. மீன் ஆயும்போது பையன பக்கத்துல உக்கார வச்சு இது என்ன மீனு, செவுள் எங்க, முட்டை எங்கன்னு காட்டச் சொல்லுங்க, தொட்டுப் பாத்த மீன வாய்ல வைக்கிறதுக்கு பயம் கொறையும். சாயங்காலம் அவங்க வாசல்ல உக்காந்து பாத்துக்கிட்டா பிள்ளைங்க தெருவுல விளையாடலாம். அண்ணன் கரையில இருக்குற நாளும், ஏப்ரல் 15லேந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம் 61 நாளும் பையன மணலுக்குக் கூட்டிட்டுப் போற பொறுப்பு அவரோடது.

இதையெல்லாம் செய்யும்போதே சில விஷயத்துல கண்ணு வைங்க. எடை கொறைஞ்சா, ஆறு மாசமா ஏறவே இல்லன்னா, ரெண்டு வாரத்துக்கு மேல இருமலோ காய்ச்சலோ இருந்தா, அடிக்கடி வாந்தி வயித்துப்போக்குன்னா, மண்ணு, சாக்பீஸ், பச்சரிசி திங்கிறான்னா, உதடும் கண்ணு உள்பக்கமும் வெளுத்திருந்தா பழக்கத்த மாத்துறது மட்டும் போதாது, டாக்டர பாக்கணும். ரத்தச்சோகையே பசியக் கொல்லும். பள்ளில வாரா வாரம் குடுக்குற இரும்புச்சத்து மாத்திரையையும் பிப்ரவரி, ஆகஸ்ட்ல குடுக்குற குடற்புழு மாத்திரையையும் வீட்டுல "சூடு"ன்னு சொல்லி வேணாம்னு விட்டுறாதீங்க.

இப்போ மகள் விஷயம்

தங்கச்சி, உங்க வீட்டுல முதல்ல டாக்டர பாக்க வேண்டியது மகதான், பையன் இல்ல. 148 உயரத்துக்கு 52 கிலோ, 12 வயசுக்கு இது அதிக எடை. கழுத்துல இருக்குறது அழுக்கு இல்ல. கழுத்துப் பின்னாடி, அக்குள்ல தோல் தடிச்சு வெல்வெட் மாதிரி கறுத்தா பெரும்பாலும் உடம்புல இன்சுலின் சரியா வேலை செய்யலங்கறதுக்கு அடையாளம், சர்க்கரை நோய் வர்றதுக்கு முன்னாடி உடம்பு காட்டுற எச்சரிக்கை. தேச்சா போகாது, தேச்சுத் தேச்சு புண்ணாக்காதீங்க. கடைல விக்கிற வெள்ளையாக்குற கிரீம்ல ஸ்டீராய்டு கலந்திருக்கலாம், அது தோலக் கெடுத்துரும், அதனால கிரீம் பேர் நான் சொல்லமாட்டேன். உள்ள சரியானா கழுத்து தானா வெளுக்கும்.

"வச்சதெல்லாம் சாப்புடுவா"ன்னு சந்தோஷப்பட்டீங்க. அவளும் தம்பி மாதிரியேதான் போன் முன்னாடி உக்காந்து அளவு தெரியாம சாப்புடுறா, அவ அழல, அதனால யாரும் கவனிக்கல. இதுல அவ மேல எந்தத் தப்பும் இல்ல. வயசுக்கு வந்த அன்னைக்கு ஓடிக்கிட்டிருந்த பிள்ளைய நாமதான் வீட்டுக்குள்ள உக்கார வச்சோம், அவ கைக்குக் கிடைச்சது போனும் தீனியும். மாதவிடாய் வந்த பொண்ணு ஓடக்கூடாது, குதிக்கக்கூடாதுன்னு மருத்துவத்துல எங்கயும் இல்ல. எலும்பு அதிகமா கெட்டிப்படுறதே இந்த வருசங்கள்லதான், அதுக்கு குதிக்கிறதும் ஓடுறதும் வேணும். எடை கொறையாட்டிக் கூட தினம் ஒரு மணி நேரம் அசைஞ்சாலே இன்சுலின் நல்லா வேலை செய்யும். விளையாட்டு குழந்தைங்களோட உரிமைன்னு ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையோட 31ஆவது பிரிவுல இருக்கு, 1992ல இந்தியாவும் அத ஏத்துக்கிச்சு.

ஊர் வாய்க்கு பயந்துதான் வெளிய விடலன்னு எனக்குப் புரியுது, அத இல்லன்னு நான் சொல்லல. பாதுகாப்பு பத்தின கவலைக்கு வழி இருக்கு. விடிகாலைல அண்ணனோ நீங்களோ கூட நடந்தா அவளும் தம்பியும் கரையில ஓடலாம். பள்ளில கபடி, கோ-கோ குழுவுல சேத்துவிடுங்க, உடற்கல்வி வகுப்ப வேற பாடத்துக்கு எடுத்துக்கறாங்கன்னா போய்க் கேளுங்க, விளையாட இடமும் பொருளும் பள்ளிக்கு இருக்கணும்னு கல்வி உரிமைச் சட்டத்துலயே இருக்கு. மழை நாள்ல வீட்டுக்குள்ள கயிறு தாண்டலாம், பாட்டு போட்டு ஆடலாம். ஒண்ணே ஒண்ணு மட்டும் செய்யாதீங்க, அவள "குண்டு"ன்னு சொல்றதும், தம்பிக்கு வறுத்த மீன வச்சு அவளுக்கு மட்டும் கொறைக்கிறதும் வேணாம், பட்டினி போடுறதும் வேணாம். தம்பிக்கு சொன்ன அதே ஏழே கால் மணிப் பாய், அதே சாப்பாடு, அதே தூக்கம், வீட்டுக்கே ஒரே சட்டம். மாதவிடாய் வந்த பிள்ளைக்கு இரும்பு கூடுதலா வேணும், பள்ளில குடுக்குற நீல மாத்திரைய வாரா வாரம் சாப்பாட்டுக்கு அப்புறம் போடச் சொல்லுங்க.

பரிசோதனைக்கு நீங்க கம்பெனில ஒரு நாள் லீவு போடணும், நாள் கூலி போகும்னு தெரியும், இந்த ஒரு நாள மட்டும் தள்ளிப்போடாதீங்க. பக்கத்துல இருக்குற அரசு மருத்துவமனைக்கோ ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ காலைலயே போங்க. முந்தின ராத்திரி எட்டரைக்குள்ள சாப்பாட்ட முடிச்சிரணும், காலைல தண்ணி மட்டும் குடிக்கலாம், டீ கூடாது. வெறும் வயித்துச் சர்க்கரை, மூணு மாசச் சராசரி சர்க்கரை, கொழுப்பு, ஈரல் பரிசோதனை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், இவ்வளவும் பாக்கச் சொல்லிக் கேளுங்க, தைராய்டு வேணுமான்னு டாக்டர் பாத்து முடிவு பண்ணுவாங்க. மாதவிடாய் எப்போ ஆரம்பிச்சுச்சு, எத்தன நாளைக்கு ஒரு தடவை வருதுன்னு ஒரு சீட்டுல எழுதிக்கோங்க, குடும்பத்துல யாருக்கு சர்க்கரை இருக்குன்னும் எழுதுங்க, அவளுக்கு ராத்திரி அடிக்கடி தாகம் எடுத்தாலோ யூரின் போக எந்திரிச்சாலோ அதையும் சொல்லுங்க. அப்படி தாகமும் அடிக்கடி யூரினும் இப்போவே இருந்தா லீவு கிடைக்கிற நாளுக்குக் காத்திருக்காம நாளைக்கே கூட்டிட்டுப் போங்க.